கார்வி பூத்த மலையில் எனக்கு நேர்ந்தது சாமி அனுபவமா?

செம்பூர்க்காரி, 9 பிப்ரவரி 2025

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 52 வயது. பிறந்தது அம்பாசமுத்திரம். 1996-ல் கல்யாணமாகி பம்பாய் வந்தேன், அன்றிலிருந்து செம்பூர்தான். ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போவேன்.

போன வருஷம் ஏப்ரலில் அம்மா தவறிவிட்டாள். கடைசிப் பதினான்கு மாதம் என்னோடுதான் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அவள் போன பிறகு என்னால் கும்பிட முடியவில்லை. சாமி மேல் கோபம் என்று சொல்ல முடியாது. விளக்கேற்றி உட்கார்ந்தால் மனசு ஆஸ்பத்திரி பில்லுக்குப் போய்விடும். ஊசி குத்திக் குத்தி அவள் கை கறுத்துப்போனது கண் முன்னால் வரும். வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ, இன்னும் ஒரு மாதம் முன்னாலேயே ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கலாமோ என்று ஏதோ வரவு செலவு பார்ப்பதுபோல உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். கோயிலில் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், நானும் போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான். ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

இதற்குள் ஒரு பழைய விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. அம்மா அப்போது ஊரில் இருந்தாள். போனில், "டிவியில காட்டினான்டி, மலையே நீலமா கெடக்கு. ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்றாள். நான் சரி பார்க்கலாம் என்றேன். ஜிஎஸ்டி வேலை தலைக்கு மேல் இருந்த நேரம். லீவு கேட்டுத் தரவில்லை என்றாலாவது மனசு ஆறும். நான் கேட்கவே இல்லை. அடுத்து பூக்க 2030 ஆகும்.

போன செப்டம்பரில், 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, என் பெண் என்னை வலுக்கட்டாயமாக போரிவலிக்கு அழைத்துக்கொண்டு போனாள். குர்லாவில் மாறி, தாதரில் மாறி, போரிவலி போய்ச் சேரவே அலுத்துவிட்டது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் கார்வி பூத்திருக்கிறது, எட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், 2016-ல் விட்டுவிட்டோம் என்றாள். எனக்குக் கார்வி என்றால் என்னவென்றே தெரியாது. முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்தக் காட்டுக்குள் கன்ஹேரி குகை வரைக்கும் ஒரே ஒரு தடவை, பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலாவோடு போனதுதான்.

வழிகாட்டிப் பையன் ஒருவன் இருபது பேரை அழைத்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறினான். தூறல். செருப்பில் சேறு அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனம். ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு பக்கமும் என்னை விட உயரமான புதர், அடியிலிருந்து நுனி வரை நீலமும் ஊதாவுமாகப் பூ. முதலில் கண்ணுக்குப் பட்டது பூ இல்லை, காதுக்குப் பட்டது தேனீ. மலையே முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அப்போது அந்தப் பையன் மராத்தியில் சொன்னான்: தெற்கே உங்கள் பக்கம் நீலக்குறிஞ்சி என்று ஒன்று உண்டே, அதுவும் இதுவும் ஒரே இனம்.

நான் வாய்விட்டு "பாரும்மா" என்றேன்.

என் பெண் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் பேசவில்லை. அம்மாவிடம் பேசினேனா என்றால், அதுவும் சரியாக அப்படி இல்லை. நான் சொன்னதை யாரோ கேட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்தது. யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் கேட்டது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணக்கு அங்கே நின்றது. நிறுத்த வேண்டும் என்று நான் முயற்சி செய்யவில்லை, தானாக நின்றது. அங்கேயே ஈரக் கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். ஐந்து மாதத்தில் அழுத அழுகையெல்லாம் வேறு, இது வேறு.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறேன். பூவெல்லாம் அக்டோபரிலேயே போயிற்று. இப்போது செடி காய்ந்து பழுப்பாக நிற்கிறது. இருந்தும் போகிறேன். அங்கே உட்கார்ந்தால் கும்பிட முடிகிறது. வார்த்தை எதுவும் வருவதில்லை, ஆனால் கும்பிடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. கோயிலில் இன்னும் வரவில்லை.

என் மாமியாருக்கு 78 வயது. அவருக்கு இது பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போக ஒடம்பு முடியல, ஞாயித்துக்கிழம காட்டுக்குப் போக முடியுதா? மரமும் மட்டையும் பாத்தா மனசுக்கு நல்லாத்தான் இருக்கும். அது சாமி ஆயிடுமா?" என்று கேட்டார். கெட்ட மனசோடு கேட்கவில்லை, என் மேல் உள்ள கவலையில்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். எனக்கு வந்தது சாமியா, துக்கம் கலைந்த நிம்மதியா? இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? மும்பையில் இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?


மாட்டுங்கா பெரியவர், 10 பிப்ரவரி 2025

அம்மா, இரண்டு தடவை படித்தேன். எனக்கு 74 வயது, அறுபது வருஷமாக மாட்டுங்கா. தினமும் கோயிலுக்குப் போகிறவன். உங்கள் மாமியார் கட்சியில்தான் நான் இருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை.

காட்டில் இருப்பதையும் கோயிலில் இருப்பதையும் நம் முன்னோர் இரண்டாகப் பிரிக்கவில்லை. மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர். சிதம்பரம் தில்லை மரக் காடாக இருந்த இடம், அதனால்தான் தில்லை. திருவானைக்காவலில் வெண்ணாவல் மரம், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரம். எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் தலவிருட்சம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். அதைச் சுற்றாமல் வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். அப்புறம் முருகன். குறிஞ்சி நிலத்துக்கு, அதாவது மலைக்கும் மலை சார்ந்த இடத்துக்கும் தெய்வம் அவன். நீங்கள் முப்பது வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிட்டவன் குறிஞ்சிக் கடவுள். அவனுடைய பூவின் உடன்பிறப்பு பூத்த இடத்தில் உங்களுக்குக் கும்பிட வந்தது. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ரமணர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1950-ல் உடல் விடும்வரை அந்த மலையை விட்டு வெளியே போகவில்லை. விருபாட்ச குகையில் மட்டும் 17 வருஷம். மலை மேல் சாமி இருக்கிறார் என்று அவர் நினைக்கவில்லை, மலையே சிவம் என்று இருந்தார். கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கான பேர் கும்பிடுவதும் அந்த மலையைத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. செப்டம்பரில் வந்தது மறுபடியும் அதே மாதிரி வர வேண்டும் என்று அங்கே போகாதீர்கள். நான் சின்ன வயதில் சபரிமலையில் ஒரு தடவை, பம்பையில் குளித்துக் கரையேறும்போது, நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்று எனக்கு நேர்ந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அதைத் தேடியே மாலை போட்டேன். வரவில்லை. தேடுவதை விட்ட பிறகுதான் மலையே கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

உங்கள் அம்மா ஊரில் எப்படிக் கும்பிடுவார், ஞாபகம் இருக்கிறதா?


செம்பூர்க்காரி, 10 பிப்ரவரி 2025

ஐயா, நீங்கள் கேட்டதும் சட்டென்று கண் முன்னால் வந்தது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும், மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மேற்கே பொதிகையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். மழை மேகம் மூடி மலையே தெரியாத நாளிலும் அந்தத் திசைக்குப் போடுவாள். அப்புறம்தான் உள்ளே போய் விளக்கேற்றுவாள். தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமலேயே விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.


90 அடி ரோடு, 11 பிப்ரவரி 2025

அக்கா, ஸ்தோத்திரம். நான் தாராவி. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். லெதர் பேக் தைக்கிற வேலை.

நீங்கள் போரிவலி வரைக்கும் போகிறீர்கள். எனக்கு இந்த அனுபவம் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் கிடைத்தது. சயன் - பாந்த்ரா லிங்க் ரோட்டில், மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறதே, அதுதான். 37 ஏக்கர். அது முன்னாடி இந்த ஊர்க் குப்பை கொட்டிய மேடு. அப்பா வந்த புதிதில் அந்தப் பக்கம் காற்று அடித்தால் சோறு இறங்காது என்பார். அந்தக் குப்பை மேல் மண் போட்டு, மரக்கன்று வைத்து வளர்த்து, 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். இப்போது உள்ளே போனால் ரோடு சத்தம் தூரமாகிவிடும், பட்டாம்பூச்சி பறக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகளோடு போவேன்.

கோவிட் நேரத்தில் பட்டறை மூடி ஏழு மாதம் சம்பளம் இல்லை. திறந்த பிறகும் ஆர்டர் இல்லை. அந்தச் சமயம் ஒரு நாள் தனியாகப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். இந்த வேர் எதைத் தின்று வளர்ந்தது என்று யோசித்தேன். ஊர் வேண்டாம் என்று வீசிய அழுகல். கர்த்தர் என்னையும் கீழே போடவில்லை என்று அந்த இடத்தில் எனக்கு உறுதி வந்தது. பாஸ்டர் பிரசங்கத்தில் இதையே நூறு தடவை சொல்லியிருப்பார். கேட்டிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைத் தொட்டது.

எங்கள் வேதத்தில் எலியா தீர்க்கதரிசி மலைக் குகையில் நிற்பார். பெருங்காற்று அடிக்கும், கர்த்தர் அதில் இல்லை. பூமி அதிரும், அதிலும் இல்லை. அக்கினி வரும், அதிலும் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய சத்தம் வரும், அப்போது அவர் முகத்தை மூடிக்கொள்வார். இயேசுவும் இருட்டோடு எழுந்து ஆளில்லாத இடத்துக்குத்தான் ஜெபிக்கப் போனார். ஜெப ஆலயம் அவருக்கு இல்லாமலா? அங்கேயும் போனார், இங்கேயும் போனார். உங்கள் மாமியாரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள் அக்கா.


குர்லா மழை, 11 பிப்ரவரி 2025

எல்லாரும் ஆமாம் என்கிறீர்கள். எனக்கு மனசார ஒப்பவில்லை, அதனால் எழுதுகிறேன். அக்காவின் துக்கத்தை மதிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2005 ஜூலை 26. எனக்கு 19 வயது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. பாந்த்ராவிலிருந்து குர்லாவுக்கு நடந்தே கிளம்பினேன். பாதி வழியில் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் வீடு மித்தியை ஒட்டி. பரண் வரைக்கும் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பாட்டி மூன்றாம் நாள்தான் கிடைத்தார். ஊரில் அப்பா விற்றுக்கொண்டு வந்த நிலத்தின் பணத்தில் வாங்கிய தையல் மெஷின்கள் நான்கும் சேற்றில் போயின. அதுவும் இயற்கைதான். இதே மழைதான் கார்வியையும் வளர்த்தது.

பூவைப் பார்த்து மனசு நிறைந்தால் அது சாமி என்றால், அன்றைக்கு வந்தது என்ன? நல்லதாக இருந்தால் சாமி, இல்லாவிட்டால் வானிலை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று இரவு ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் முப்பது பேர் நின்றோம். யாரென்றே தெரியாத ஒரு மராத்தி ஆஜி, அதாவது பாட்டி, கதவைத் திறந்து, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து, தன்னுடைய காய்ந்த புடவைகளை எடுத்துத் துவட்டிக்கொள்ளத் தந்தார். இருந்த நான்கு புடவையும் ஈரமாயிற்று. எனக்குச் சாமி தெரிந்தது அந்தக் கதவில்தான். காட்டில் இல்லை.


செம்பூர்க்காரி, 12 பிப்ரவரி 2025

தம்பி, தப்பாக எடுக்கவே இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று தூக்கம் வரவில்லை. 2005-ல் நாங்கள் செம்பூரில் மேட்டில் இருந்தோம். கரண்ட் இல்லை, பால் இல்லை, அவ்வளவுதான் எங்கள் கஷ்டம். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. எனக்கு அங்கே வந்தது சந்தோஷம் இல்லை. அம்மா திரும்பி வரப்போவதில்லை என்று முழுசாகத் தெரிந்ததே அங்கேதான். அந்தச் செடி எட்டு வருஷம் இலையாகவே நின்று, ஒரே ஒரு தடவை பூத்துச் செத்துப்போகும் என்று அந்தப் பையன் சொன்னான். அத்தனை நீலத்தையும் பார்த்துக்கொண்டே, இது அத்தனையும் சாகப்போகிறது என்று தெரிந்து உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அது வெறும் நிம்மதியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நிம்மதி என்றால் மறந்திருப்பேன்.


தாணே கழிமுகம், 13 பிப்ரவரி 2025

அக்கா, நான் ஐரோலி. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பூநாரை பார்க்க அழைத்துப் போகும் தன்னார்வலர். மேலே எழுதிய தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. இந்த ஊர்க் காட்டில் பரம்பரையாக இருக்கிறவர்கள் வார்லி மக்கள். போரிவலிக் காட்டிலும் அதை ஒட்டிய ஆரே காட்டிலும் அவர்கள் வாகோபா என்று ஒரு சாமியைக் கும்பிடுகிறார்கள். அந்தக் காட்டில் சிறுத்தை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிறுத்தைதான் வாகோபா. ஆட்டைத் தூக்கிப் போகிற, ஆளையும் அடிக்கக்கூடிய ஒன்றை அவர்கள் சாமி என்கிறார்கள். நம் ஊரில் அய்யனார், சுடலை எல்லாம் பார்த்தால் பயம் வரவில்லையா? கொங்கணத்தில் தேவராய் என்று கிராமத்துக் காடுகள் உண்டு, நம் கோயில்காடு மாதிரியே. ஒரு சுள்ளியை ஒடிக்கக்கூட ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள். பழைய ஆட்கள் பயத்தை விட்டுவிட்டுச் சாமி கும்பிடவில்லை. அழகு மட்டும்தான் சாமி என்று நினைப்பது, விடுமுறைக்கு மட்டும் காட்டுக்குப் போகிற நமக்கு வந்த பழக்கம் என்று எனக்குப் படுகிறது.

2005-ஐப் பற்றி இன்னொன்று. அன்று கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. ஆனால் மித்தியை இரண்டு பக்கமும் நெருக்கி, கரையில் இருந்த அலையாத்திக் காட்டை வெட்டி மண் கொட்டியவர்கள் மனிதர்கள். தண்ணீர் நிற்க இடம் இல்லாமல் வீட்டுக்குள் வந்தது. அந்தப் பாட்டியின் சாவை மழை மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை.

பூநாரை பார்க்க இதுதான் நேரம். நவம்பரில் வரும், மே வரை இருக்கும். சேற்றில் தலைகீழாகக் குனிந்து பாசியும் சின்ன இறாலும் வடிகட்டித் தின்னும். அந்தத் தீனியிலிருந்துதான் அதற்கு இளஞ்சிவப்பு வருகிறது. நம் ஊர்ச் சாக்கடை கலக்கிற தண்ணீரில் நின்றுகொண்டு அந்த நிறம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா தெரியவில்லை. இப்போது காய்ந்து நிற்கிறதே கார்வி, அதில் காய் அப்படியே இருக்கும். கோடை முழுக்க விதையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கும். முதல் மழை நனைத்ததும் காய் வெடிக்கும், டப் டப் என்று காதில் கேட்கும். ஜூனில் ஒரு நாள் போய் உட்காருங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் இருந்தால்தான் காடு உங்களை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.


குர்லா மழை, 13 பிப்ரவரி 2025

அலையாத்தி பற்றி நீங்கள் சொன்னது உண்மை. எனக்கும் தெரியும், ஆனால் கோபம் மழை மேலேயே நின்றுவிட்டது. இருபது வருஷம் ஆகப்போகிறது, ஜூலையில் இரவு மழைச் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வாகோபா பற்றி யோசிக்கிறேன். ஒப்புக்கொண்டேன் என்று சொல்லவில்லை.


செம்பூர்க்காரி, 3 ஜூன் 2025

யாராவது இன்னும் இந்தப் பக்கம் பார்ப்பீர்களா தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று இருந்தது, வந்தேன்.

இந்த வருஷம் மழை மே 26-ம் தேதியே வந்துவிட்டது. நான் ஜூன் நடுவில்தான் என்று நினைத்திருந்தேன். முந்தாநாள் ஞாயிறு போனேன். பெண்ணுக்கு வேலை, அதனால் தனியாக. கன்ஹேரி வரைக்கும் பூங்கா பஸ்ஸில் போய், குகைகளுக்கு மேலே பாறையில் ஏறி உட்கார்ந்தேன். பெரும்பாலான குகைகளுக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து தண்ணீர்த் தொட்டி வெட்டியிருக்கிறார்கள், மழைத் தண்ணீர் வழிந்து அதற்குள் போய் விழுவதற்கு வாய்க்காலும் இருக்கிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் பிக்குகள் வெட்டியது, இப்போதும் தண்ணீர் அதே வழியில்தான் போகிறது. மழைக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவது அவர்கள் வழக்கமாம். இந்த மழையைப் பார்த்துக்கொண்டு அவர்களும் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. முன்னால் பெய்த மழையிலேயே எல்லாம் வெடித்து முடிந்துவிட்டதோ என்று மனசு சங்கடப்பட்டது. மாட்டுங்கா ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது, தேடிக்கொண்டு போகாதே என்று. சரி, இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டேன். பதினொன்றரைக்கு ஒரு மழை வந்து பத்து நிமிஷம் பெய்துவிட்டுப் போனது. அது நின்றதும் கீழே சரிவில் ஒரு சத்தம். விறகு அடுப்பில் உப்புக்கல் போட்டால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் இன்னொன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு சேர்ந்து. மொத்தம் ஒன்பது எண்ணினேன்.

செப்டம்பரில் வந்த மாதிரி எதுவும் வரவில்லை. அழவும் இல்லை. அம்மாவின் பெயரை ஒரு தடவை சொன்னேன், முழுப் பெயர், அர்ச்சனைக்குச் சொல்கிற மாதிரி நட்சத்திரத்தோடு. அந்த மேற்குப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பொதிகை இங்கிருந்து எந்தத் திசை என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவள் எந்தப் பக்கம் திரும்பிப் போடுவாளோ அந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். சாமியா இல்லையா என்று இப்போது அவர் கேட்கவில்லை. எத்தனை சத்தம் கேட்டது என்று கேட்டார். ஒன்பது என்றேன். விதை கொண்டு வந்தாயா என்றார். அந்தப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது அத்தை என்றேன். இனி எப்போது பூக்கும் என்றார். 2032 என்றேன். கையில் இருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, மேலே வரைக்கும் பஸ் போகுமா என்று கேட்டார்.

அதனால் இன்னொரு கேள்வி. அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி, பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் பத்துப் பதினைந்து படி ஏறுவார். கன்ஹேரியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பெரிய தூண் குகை வரைக்கும் அவரால் முடியுமா? மழையில் படி எவ்வளவு வழுக்கும்? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.